நண்டின் வாயில் என் இத்தாலியன்

1

பலெர்மோவில் நான் ஒரு பழைய மாடிக் கட்டடத்துக்கு வாசல்காரன். இங்கே அந்த வேலைக்குப் போர்த்தியரே என்று பெயர். வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு கதிரை, சாவிகள் தொங்கும் பலகை, பிளேன்ரீ வைக்க ஒரு சின்ன மின்னடுப்பு. கடிதம் பிரித்துப் போடுவது, கூரியர்காரனிடம் பொதி வாங்கி வைப்பது, படி துடைப்பது, தண்ணீர்க் குழாய் கசிந்தால் ஆளைக் கூப்பிடுவது. ஊரில் இருக்கிற சொந்தக்காரருக்கு இதை விளங்கப்படுத்தப் போனால், "ஓ, வாச்சரோ?" என்று கேட்டு முடித்துவிடுவார்கள். நானும் ஓம் என்றுவிடுவேன்.

இரண்டாம் மாடியில் ஒரு வழக்கறிஞர் குடும்பம் இருக்கிறது. அவருடைய மகள் ஜூலியா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மற்றப் பிள்ளைகள் காதை அடைத்துக்கொண்டு கடந்துபோவார்கள். இவள் மட்டும் என் கூண்டின் முன்னால் நின்று இரண்டு வார்த்தை கதைக்காமல் போகமாட்டாள். அதனால் அவள்மேல் எனக்குத் தனி விருப்பம்.

போன வருடம் ஐப்பசி மாதம். முதல் நாள் முழுக்க ஆபிரிக்கக் காற்று அடித்து ஓய்ந்திருந்தது. படியெல்லாம் சிவந்த தூள். நான் ஈரத்துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருக்க, மேலேயிருந்து ஜூலியா ஓடி வந்தாள். சறுக்கும், கவனம் என்று சொல்ல நிமிர்ந்தேன். அவள் போட்டிருந்த கறுப்பு ரீசேட்டில் ஒரு கிழட்டு நண்டு இருந்தது. முதுகில் போத்தல்கள் அடுக்கிய அலுமாரியைச் சுமந்துகொண்டு, ஒரு கொடுக்கை உயர்த்தி, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. நண்டுக்கு ஏது பல் என்று நினைத்தபடி கீழே எழுதியிருந்ததை வாசித்தேன்.

இயோ ஸ்கதூத்தோ. மா தெந்த்ரோ புவோனோ.

தமிழில் சொன்னால்: நான் காலாவதி. ஆனால் உள்ளுக்குள் நல்லது.

இத்தாலியன் ஒழுங்காகத் தெரிந்த எவரும் இப்படிச் சொல்லமாட்டார்கள். அதில் வினைச்சொல்லே கிடையாது. இந்த நகரத்தில் இப்படிச் சொன்ன ஒரேயொரு ஆளை எனக்குத் தெரியும். அது நான்.

2

அந்தக் கதையை முதலில் சொல்லவேண்டும்.

இலங்கையில், ஊர்காவற்றுறைப் பக்கம், நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவன். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலம். கப்பலில் வரும் மீன் ரின்கள் எங்கள் கைக்கு வரும்போது பாதிக்குமேல் திகதி முடிந்துவிடும். எறிய மனம் வராது, எறிந்தால் சனத்துக்குத் தின்னவும் ஒன்றுமில்லை. நான் ரின்னைத் தூக்கிக் காட்டி, "திகதிதான் முடிஞ்சது, உள்ளுக்கை நல்லது. என்னை மாதிரி" என்பேன். சனம் சிரித்துக்கொண்டு வாங்கிப்போகும். என் வாய்க்கு அங்கே ஒரு பேர் இருந்தது. கலியாண வீட்டில் வாழ்த்துச் சொல்ல என்னைத்தான் தேடுவார்கள். மாதா கோயில் பூசையில் வாசகம் வாசிக்க எழும்பினால் பின்வரிசை வாங்கிலில் கதைத்துக்கொண்டிருப்பவர்களும் வாயை மூடுவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இங்கே வந்தபிறகு என்னிடமிருந்து போனது எது என்று கேட்டால், காணியோ வீடோ அல்ல, இதுதான்.

இத்தாலியில் என் முதல் வேலை ஒரு வயதான சிஞ்ஞோராவின் வீட்டில். வாரத்தில் ஒருநாள் குளிர்ப்பெட்டி துப்புரவாக்க வேண்டும். அவர் ஒவ்வொரு தயிர்க் கோப்பையாக எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, திகதி பார்த்து, "ஸ்கதூத்தோ" என்று சொல்லிக் குப்பைக்குள் போடுவார். அப்படித்தான் அந்தச் சொல்லைப் படித்தேன்.

பிறகு என் மனைவி றெஜினாவும் மகனும் வந்து சேர்ந்தார்கள். மகன் நிரோஷனைப் பள்ளிக்கூடத்தில் நிரோ ஆக்கிவிட்டார்கள். அவன் ஒரு வருடத்துக்குள் இந்த ஊர்ப் பிள்ளைகளைப்போல, பலெர்மோ இழுவையோடு, கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கத் தொடங்கிவிட்டான். அதனால் என் பெர்மெஸ்ஸோ, அதுதான் இருப்பு அனுமதி, முடிந்து புதுப்பிக்கப் போனபோது அவனைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் மறித்து மொழிபெயர்ப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு அப்போது எட்டு வயது.

வரிசை வாசலையும் தாண்டி நின்றது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் ஏதோ கேட்டார். நான் மகனைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்தான். திரும்பவும் கேட்டார். வீட்டில் வாய் மூடாத பிள்ளை, உதட்டைக் கடித்துக்கொண்டு என் சட்டையைப் பிடித்தபடி நிற்கிறான். பின்னால் சனம் முணுமுணுக்கிறது. அனுமதி முடிந்துவிட்டது, ஆனால் வேலை, வீடு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நான் சொல்லவேண்டும். தலைக்குள் சங்கக்கடைத் தமிழ்தான் வந்தது. அதை அப்படியே எடுத்து இத்தாலியனில் வைத்தேன்.

"இயோ ஸ்கதூத்தோ, சிஞ்ஞோரா. மா தெந்த்ரோ புவோனோ."

வரிசை முழுக்கச் சிரித்தது. அதில் எங்கடை பெடியன்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்கள்தான் கூடச் சிரித்தார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் சிரிக்கவில்லை. பத்திரங்களைச் சரிபார்த்து முத்திரை குத்தித் தந்துவிட்டார். வேலை முடிந்துவிட்டது. அப்படிப் பார்த்தால் அந்த வசனம் தோற்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான் கதைச்சிருக்கவேணும்" என்றான்.

"பரவாயில்லை. அம்மாவுக்குச் சொல்லாதை, என்ன?"

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

நான் அதை நம்பினேன். எட்டு வயதுப் பிள்ளையின் வாக்கை நம்புவது மடைத்தனம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அந்தப் பிள்ளை அன்று என் கையைப் பிடித்திருந்த இறுக்கம் எனக்குத் தெரியும்.

3

திரும்பவும் படிக்கட்டுக்கு வருகிறேன்.

"இது என்ன நண்டு?" என்று ஜூலியாவிடம் கேட்டேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "உங்களுக்கு மொக்குவைத் தெரியாதா, சிஞ்ஞோர் ஜெயம்?" என்றாள். நண்டுக்குப் பெயர் மொக்கு. எங்கள் ஊரில் மூளை மட்டானவனைத்தான் மொக்கு என்பார்கள் என்று ஜப்பான்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அவசரமாகப் போகிறவள், படியிலேயே குந்திக் கதை சொல்லத் தொடங்கினாள். ஜப்பானில் ஒரு சின்னக் குழு செய்த வீடியோ விளையாட்டு. பெயர் உப்பு ராச்சியம். கடல் பின்வாங்கிப்போன ஒரு நாடு. உப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. நாலுபேர் கடலைத் தேடிப் புறப்படுகிறார்கள். ஊர் ஊராகப் போய், ஆட்களோடு கதைத்து, சண்டைபிடித்து, மருந்து வாங்கி, மெல்ல மெல்லப் பலம் கூடி நடக்கிற நீண்ட கதை. முதல் பாகம் ஜப்பானை விட்டு வெளியே வரவேயில்லை. இரண்டாவது ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. மூன்றாவதற்கு இத்தாலியன் போட்டார்கள். அது அவ்வளவு மோசமாக இருந்ததாம், செத்துப்போகிற ராணியின் கடைசி வசனத்துக்கு விளையாடுகிறவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். நாலாவதை இணையத்தில் கூட்டமாக விளையாடுகிற மாதிரி மாற்றினார்கள். பழைய ரசிகர்கள் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார்கள். இனி இந்தத் தொடர் முடிந்தது என்று எல்லாரும் கைகழுவியபிறகு, முதல் பாகத்துக்குக் கதை எழுதியவரே திரும்பி வந்து ஐந்தாவதைச் செய்தார். அதுதான் இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது.

எனக்குப் பாதி தெரிந்த கதை இது. பல்லரோ சந்தைக்குப் பின்னால் நாங்கள் இருந்த இரண்டறை வீட்டில், கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் சப்பாணி கட்டி உட்கார்ந்து என் மகன் விளையாடியது இதைத்தான். ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு விளையாடுவான். அந்த விளையாட்டால்தான் அவன் ஜப்பான் பாஷை படிக்க வடக்கே போனான். படித்து முடித்து, மிலானில் விளையாட்டுகளை இத்தாலியனுக்கு மாற்றும் ஒரு கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தான். இந்த ஐந்தாம் பாகத்தை அவன்தான் செய்கிறான் என்று சொன்னபோது, நான் கோயிலில் பூசை முடிந்து எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன்.

"மொக்கு எல்லாப் பாகத்திலும் வருகிற மருந்து வியாபாரி," என்றாள் ஜூலியா. "ஜப்பான் மொழியில் அது வேறு கரையிலிருந்து வந்த நண்டு. ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் விசித்திரமாக ஒரு சத்தம் சேர்க்கும். முந்தின பாகத்தில் இத்தாலியனில் பள்ளிக்கூட ஆசிரியர் மாதிரிப் பேசவைத்தார்கள், உயிரே இல்லை. இப்போது கேட்டுப் பாருங்கள்! கடைக்கு லைசென்ஸ் முடிந்துவிட்டது, ஆனாலும் நகர வாசலில் நின்று விற்கிறது. காவல்காரன் பிடிக்க வருகிறான். அப்போது மொக்கு சொல்லும் வசனம் இது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன். இதை மொழிபெயர்த்தவன் பெரிய கெட்டிக்காரன்."

போனை எடுத்து நீட்டினாள். யாரோ ஒருவன் மொக்குவுக்குக் குரல் கொடுத்து ஒரு வீடியோ போட்டிருந்தான். மூக்கால் இழுத்து, றானாவைத் தடவி, எங்கள் ஆட்கள் இத்தாலியன் கதைக்கிற மாதிரியே. இந்த ஊரில் இலங்கையிலிருந்து வந்த எங்கள் எல்லாரையும், தமிழர் என்றாலும், சிங்களவர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடியோவுக்குத் தலைப்பும் அதுதான்: சிங்கள நண்டு.

அடுத்தது ஒரு பேட்டி. திரையில் என் மகன். தாடி விட்டிருந்தான். பேட்டி எடுத்தவள், இந்த வசனங்கள் எங்கேயிருந்து கிடைத்தன என்று கேட்டாள். அவன் கொஞ்சம் தலையைச் சாய்த்து, சின்ன வயதில் செய்வது போலவே காதைத் தடவிக்கொண்டு சொன்னான்:

"சின்ன வயதில் பல்லரோ சந்தைக்குப் போவேன். அங்கே கடை வைத்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள். காதில் விழுந்தது."

ஜூலியா என் முகத்தைப் பார்த்தாள். "உங்கள் நாட்டுக்காரர்தானே? பலெர்மோவில் வளர்ந்தவராம். தெரியுமா?"

"தெரியாது," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டேயிருந்தேன். தெரியும் என்று சொல்லியிருந்தால், அதற்குப் பிறகு நான் வாய் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளைக்கு நண்டு கேட்டிருக்கும். அதுதான் காரணமாக இருக்கவேண்டும். மகனுக்கும் என்னைத் தெரியாது, எனக்கும் அவனைத் தெரியாது. கணக்குச் சரி என்றும் ஒருபக்கம் மனம் சொன்னது.

4

வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது றெஜினா அடுப்படியில் நின்றாள். கபோ சந்தையில் வாங்கிய சின்ன மீன் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது.

"நிரோ செய்த விளையாட்டிலை ஒரு நண்டு இருக்காம். உனக்குத் தெரியுமோ?" என்றேன்.

அவள் அகப்பையை வைத்துவிட்டு அடுப்பை நிற்பாட்டினாள். அந்த அடுப்பு நின்றதிலேயே எனக்குப் பதில் விளங்கிவிட்டது.

"ஓம்," என்றாள்.

"எப்ப தொடக்கம்?"

"அவன் எழுதேக்கையே போனிலை வாசிச்சுக் காட்டினவன்."

"நீ என்ன சொன்னனீ?"

அவள் சட்டியை மூடினாள்.

"சொல்லு, றெஜி. என்ன சொன்னனீ?"

"சிரிச்சிட்டன்," என்றாள். "பகிடியாத்தான் இருந்தது, என்ன செய்ய. பிறகு யோசிச்சுப்போட்டு, அப்பாட்டைக் கேட்டியோ எண்டு கேட்டன். கேக்கிறன் எண்டவன். கேட்டிருப்பான் எண்டு நினைச்சன்."

"கேக்கயில்லை எண்டு உனக்குத் தெரியும்."

"ஓம். தெரியும்."

அந்தக் கண்ணாடி முன்னால் நடந்ததை நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அப்படியிருக்க, வசனம் வாசித்தபோது அது என்னுடையது என்று எப்படி விளங்கியது? கேட்டேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"அண்டைக்கு பஸ்ஸாலை வந்த கையோடையே சொல்லிப்போட்டான். கொடியிலை உடுப்பு எடுத்துக்கொண்டு நிண்டனான். காலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுதான், தான் கதைக்காததாலை அப்பாவைச் சிரிச்சுப்போட்டினம் எண்டு. நீங்கள் மறைச்சீங்கள். சரி, மறைக்கட்டும் எண்டு நானும் தெரியாத மாதிரி இருந்தன்."

இத்தனை வருடமாக இந்த வீட்டில் நான் ஒளித்துவைத்திருந்ததாக நினைத்த ஒரே விஷயம், இரண்டுபேருக்கும் தெரிந்துதான் இருந்தது; அது தெரியாதவன் நான் மட்டும்தான். பிள்ளை அன்றைக்கே சொல்லிவிட்டான் என்பதில் எனக்குக் கோபம் வரவில்லை. அழுதிருக்கிறான் என்று கேட்டு நெஞ்சு இளகியது. அடுத்த நிமிடமே, அழுதவன் எப்படி இதை எடுத்து விற்றான் என்று இரண்டு மடங்காக எரிந்தது.

றெஜினாவின் போனில் கோயில் இளைஞர் குழு இருக்கிறது. எங்கள் பிள்ளைகள், எங்கள் ஞானஸ்நானப் பிள்ளைகள். பாட்டுப் பழக்கத்துக்குப் பிந்தி வருகிறவன், சாப்பாட்டுக்குப் பேர் கொடுக்க மறந்தவள், எல்லாரும் சாட்டுக்கு அந்த நண்டுப் படத்தைத்தான் அனுப்பியிருந்தார்கள். இயோ ஸ்கதூத்தோ. அது யாருடைய வார்த்தை என்று அவர்களுக்குத் தெரியாது என்று றெஜினா மாதாவின்மேல் சத்தியம் செய்தாள். இருந்தாலும் அடுத்த ஞாயிறு வாசகம் வாசிக்க என்னைக் கூப்பிட்டபோது, தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அது தமிழ்ப் பூசை. தமிழில் வாசிக்கவே எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

5

மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு நிரோ வந்தான். விமான நிலையத்துக்கு நான் போகவில்லை, வேலை என்று சொன்னேன். வீட்டுக்கு வந்தவன் என்னைக் கட்டிப்பிடித்தான். நானும் பிடித்தேன். சாப்பாடு முடியும்வரை ஒருவரும் நண்டின் பேச்சை எடுக்கவில்லை. அவனுக்குத் தாய் முன்னமே சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டில் செய்தி எந்தப் பக்கமாக ஓடும் என்பது இப்போது எனக்குப் பழகிவிட்டது.

அவன்தான் தொடங்கினான். கொஞ்சம் தமிழிலும் பெரும்பாலும் இத்தாலியனிலும் சொன்னான்; இங்கே எல்லாவற்றையும் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

விளையாட்டின் வசனங்கள் ஒரு புத்தகம்போல ஒழுங்காக வராதாம். துண்டு துண்டாக, படமில்லாமல், யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்றே தெரியாமல் வருமாம். ஒவ்வொன்றும் ஒரு பெட்டிக்குள் மூன்று வரியில் அடங்கவேண்டும். நண்டின் வசனங்கள் வந்தபோது அவனுக்கு ஒன்றுமே ஓடவில்லை. சிசிலி வழக்கில் எழுதிப் பார்த்தான், கொம்பனி வேண்டாம் என்றது. கிழட்டு மாலுமி மாதிரி எழுதினான், ஆங்கிலத்தில் அப்படித்தான் இருந்தது, அதன் கொப்பிபோலப் பட்டது. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் பாகத்தின் ராணியைச் சிரித்தமாதிரித் தன்னையும் சிரிக்கப்போகிறார்கள் என்று பயந்துகொண்டிருந்தான்.

"பிறகு ஒருநாள் உங்கடை குரல் கேட்டது, அப்பா. தலைக்குள்ளை. அதுக்குப் பிறகு நிக்கவேயில்லை. நண்டு கதைக்கிற எல்லாம் நீங்கள்தான். அந்த ஒரு வசனம் மட்டும் இல்லை. நீங்கள் சிஞ்ஞோராவோடை போனிலை கதைக்கிறது, அம்மாவோடை சண்டை பிடிச்சுப்போட்டு இத்தாலியனிலை பேசுறது, எல்லாம்."

"எல்லாம்," என்றேன்.

"சனம் அதை வெறுக்கயில்லை அப்பா. சனத்துக்கு அதிலை அன்பு. கடைசியிலை மொக்கு செத்துப்போகும். எத்தனை பேர் அழுது எழுதியிருக்கினம் தெரியுமோ? ஜப்பானிலையிருந்து கதை எழுதினவர் ஒரு கண்காட்சிக்கு வந்தவர். இத்தாலியன் மொக்குதான் தனக்குப் பிடிச்ச மொக்கு எண்டு என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னவர்."

"சிங்கள நண்டு எண்டு ஒருத்தன் வீடியோ போட்டிருக்கிறான். அவனுக்கும் அன்போ?"

அவன் கீழே பார்த்தான். "அது நான் செய்யேல்லை."

"வாசலைத் திறந்துவிட்டது ஆர்?"

றெஜினா கோப்பைகளை எடுக்க எழும்பினாள். இரு என்று கையைக் காட்டினேன். அவளும் இதைக் கேட்கவேண்டியவள்தான்.

"சரி, எழுதினாய்," என்றேன். "ஓடயில்லை, நாள் போகுது, எழுதிப்போட்டாய். அதை விளங்கிறன். பேட்டியிலை கேட்டவளுக்கு என்ன சொன்னனீ?"

"அது... உங்கடை பேரைச் சொல்லியிருந்தா, எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு உங்கடை போர்த்தினேரியாக் கூண்டுக்கு வந்திருப்பாங்கள், அப்பா. படம் எடுக்க. அந்த வசனத்தைச் சொல்லச் சொல்லி. உங்களைக் காப்பாத்தத்தான்..."

"பேரைச் சொல்லவேண்டாம். என்ரை அப்பா எண்டு சொல்லியிருக்கலாம். சந்தையிலை நிண்ட ஆரோ எண்டு சொன்னனீ."

அவன் காதைத் தடவினான்.

"நீ வெக்கப்பட்டனீ," என்றேன்.

அவன் மறுத்திருக்கலாம். இல்லையப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பொய் என்று தெரிந்தாலும் நான் அதை வாங்கிவைத்திருப்பேன். என் பிள்ளைக்கு அந்த நேரத்திலும் பொய் சொல்லத் தெரியவில்லை.

"ஓம்," என்றான்.

அன்று இரவு திருப்பலியில் அவனுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் இடத்தில் கைகொடுத்தேன். அவன் கை குளிர்ந்துபோயிருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மிலானுக்குப் போய்விட்டான்.

6

அதற்குப் பிறகு நான் அவனோடு இத்தாலியன் கதைப்பதை விட்டுவிட்டேன். கோபத்தில் எடுத்த முடிவு என்று சொல்லமுடியாது. வாய் வரவில்லை. ஒரு சொல் எடுக்கும்போதே, இதையும் எங்காவது எழுதிவைப்பானோ என்ற எண்ணம் குறுக்கே வந்து நிற்கும். தமிழில் மட்டும் கதைத்தேன். அவனுடைய தமிழோ வடக்கே போனபிறகு தேய்ந்துபோய், சோறு, குளிர், காய்ச்சல், கவனம் என்ற எல்லைக்குள் நிற்கும் தமிழ். அதற்குள் நின்று நாங்கள் இருவரும் என்னத்தைக் கதைக்கமுடியும்? சாப்பிட்டாயோ, ஓம். குளிரோ, ஓம். கவனம், சரி. றெஜினா பக்கத்தில் இருந்து பெருமூச்சு விடுவாள்.

கட்டடத்திலும் என் வாய் குறைந்துவிட்டது. பொதி வந்தால் கையைக் காட்டுவேன். கடிதத்தை நீட்டி, தலையை ஆட்டுவேன். ஐந்தாம் மாடி டாக்டர் எனக்குக் காது மந்தமாகிறதோ என்று ஒருநாள் பரிசோதித்துப் பார்க்க வந்தார். வருடக்கணக்கில் பிழைபிழையாக, ஆனால் தாராளமாகக் கதைத்துக்கொண்டு திரிந்தவன் நான். பிழை என்று தெரியாமல் கதைத்ததில்லை. பிழை என்று தெரிந்தும், இந்த ஊர் என்னைப் பொறுத்துக்கொள்ளும் என்று நினைத்துக் கதைத்தேன். வீட்டில் என்றால் அந்த நினைப்புக்கூட வேண்டியதில்லை. வீட்டில் வாயைத் திறக்கும்போது யாரும் யோசிப்பதில்லை அல்லவா?

சித்திரையில் ஜூலியா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு படி இறங்கி வந்தாள். அந்த நண்டு ரீசேட் இல்லை.

"மொக்குவைக் கொன்றுவிட்டார்கள்," என்றாள்.

"அதுதான் கடைசியில் செத்துப்போகுமே," என்றேன், என் அரைகுறை இத்தாலியனில். பல நாளைக்குப் பிறகு அவளோடு கதைத்த முதல் வசனம்.

அவள் அதைக் கவனிக்கவில்லை. ஐந்தாம் பாகத்துக்கு ஒரு துணைக்கதை வந்திருக்கிறதாம். மொக்குவின் இளமைக்காலம். எல்லாரும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். திறந்து பார்த்தால் இத்தாலியனில் நண்டு சுத்தமாக, இலக்கணப் பிழையில்லாமல், செய்தி வாசிக்கிறவர்போலப் பேசுகிறது. மொழிபெயர்ப்பாளரை மாற்றிவிட்டார்களாம். ரசிகர்கள் கொதித்துப்போய் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

"எங்களுக்குத் துரோகம் செய்துவிட்டார்கள், சிஞ்ஞோர் ஜெயம்," என்றாள். கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. "அவன் பேசியது அவனுடைய பேச்சு. அதை எப்படி ஒருவரிடமிருந்து எடுத்துவிடலாம்?"

நான் சாவிப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. என்னைக் கேட்காமல் ஒரு வீட்டில் குடிவைத்து, இப்போது என்னைக் கேட்காமலே வெளியில் எடுத்துப் போட்டதுபோல இருந்தது. துரோகம் என்ற சொல்லை இந்தப் பிள்ளை இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாளே, நான் அதை வீட்டில் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லையே என்றும் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிரோ போன் எடுத்தான். றெஜினா போனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டாள். அவன் இத்தாலியனில் தொடங்கி, நின்று, தமிழுக்கு வந்தான்.

"அப்பா, நண்டு நான் இனிச் செய்யமாட்டன். கொம்பனிக்குச் சொல்லிட்டன். வேறை ஆள் செய்யுது."

"தெரியும்," என்றேன்.

"அவங்களுக்குக் கோவம். பரவாயில்லை."

"ம்."

பிறகு அவன் ஏதோ தாளைப் பார்த்துப் பாடம் சொல்லுகிறவன்போல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"அப்பா. நான், உங்களை, மன்னிச்சிட்டன்."

றெஜினாவின் கண் விரிந்தது. "டேய், அப்பிடியில்லை..." என்று வாயெடுத்தவளை நான் கையை உயர்த்தி நிற்பாட்டினேன்.

அவன் என்ன சொல்ல நினைத்தான் என்று எனக்குத் தெரியும். இத்தாலியனில் அது ஒரே சொல். ஸ்கூசாமி. அதைச் சொல்லியிருந்தால் வேலை லேசாக முடிந்திருக்கும். அதை விட்டுவிட்டு, நான் கதைக்கிற பாஷையில் சொல்லவேண்டும் என்று தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழுக்குள் கையை விட்டுத் துழாவியிருக்கிறான். யார் யாரை மன்னிப்பது என்பது தலைகீழாக வந்து விழுந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வரிசையில் நின்ற ஒருவரைப்போலவும் சிரிக்க எனக்குத் தோன்றவில்லை. திருத்தவும் மனம் வரவில்லை. என்னை மன்னியுங்கோ என்று நான் சொல்லிக்கொடுத்தால், கெட்டிக்காரப் பிள்ளை, அப்படியே பிழையில்லாமல் திருப்பிச் சொல்லிவிடுவான். பிறகு அதுவும் அவன் வாயில் என் வார்த்தையாகிவிடும். ஒருதரம் போதும்.

"அப்பா? பிழையாச் சொல்லிட்டனோ?"

"ஓம்," என்றேன்.

"அப்ப எப்பிடிச் சொல்லவேணும்?"

"நீயே தேடிக் கண்டுபிடி, மோனை. கண்டுபிடிச்சாப் பிறகு எடு."

அவன் சரி என்று மெல்லச் சொல்லி வைத்துவிட்டான். றெஜினா அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு சொல் சொல்லிக்கொடுத்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. இதை எழுதும்வரை அவன் எடுக்கவில்லை. மேசையில் என் போன் கிடக்கிறது. நான் வேலைக்குப் போகும்போதும் சத்தத்தைக் குறைக்காமல் கொண்டுபோகிறேன்.